கர்நாடக இசைக்கு ஒரு கையடக்க ஒலிப்பதிவுக் கருவி: எதைப் பார்த்து வாங்குவது, எப்படிப் பயன்படுத்துவது

பாட்டுக் கேட்கவும் வேண்டும், தேவைப்படும்போது பதிவு செய்யவும் வேண்டும், சட்டைப்பையில் அடங்கவும் வேண்டும் என்று ஒருவர் கடையில் கேட்டால், "கைபேசியிலேயே எல்லாம் இருக்கிறதே" என்ற பதில்தான் இன்று முதலில் வரும். கேட்பதைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் பெரிய தவறில்லை. பதிவைப் பொறுத்தவரை, அதிலும் கர்நாடக இசையைப் பதிய நினைப்பவர்களைப் பொறுத்தவரை, அது போதாது. வகுப்பில் ஆசிரியர் பாடிக் காட்டுவதைப் பதிந்துகொண்டு வீட்டில் சாதகம் செய்யும் மாணவர்கள், வீட்டுக் கச்சேரியைப் பதிந்து வைக்க விரும்பும் ரசிகர்கள், பாட்டியின் பாடாந்தரத்தை அவர் குரலிலேயே காப்பாற்றிவிட நினைக்கும் பேரப்பிள்ளைகள் ஆகியோரை மனத்தில் வைத்தே இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

கேட்கும் கருவியும் பதியும் கருவியும் ஒரே குடும்பத்தில் பிறந்து வெவ்வேறு வழியில் போனவை. 1979ஆம் ஆண்டு சோனி நிறுவனம் வெளியிட்ட முதல் வாக்மேன், செய்தியாளர்களுக்காக அதே நிறுவனம் செய்திருந்த பிரஸ்மேன் என்ற சிறிய கேசட் பதிவுக் கருவியிலிருந்து உருவானது; அதிலிருந்த பதிவு வசதியை எடுத்துவிட்டு, ஸ்டீரியோவில் கேட்கும் வசதியைச் சேர்த்தார்கள். எண்முறைக் கருவிகளிலும் இந்தப் பிரிவு தொடர்ந்தது. 1998இல் தென்கொரியாவின் எம்பிமேன், அதே ஆண்டில் 32 எம்பி நினைவகத்துடன் வந்த டைமண்ட் ரியோ ஆகியவை எம்பி3 கோப்புகளை ஒலிக்கச் செய்தன. ரியோ மீது அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் தொடுத்த வழக்கில், அந்தக் கருவி கணினியின் வட்டிலிருந்து கோப்பை நகலெடுப்பதால் அந்நாட்டுச் சட்டம் சொல்லும் எண்முறை ஒலிப்பதிவுக் கருவி என்ற வரையறைக்குள் அது வராது என்று 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2001இல் 5 ஜிபி வட்டுடன் வந்த ஐபாட் இந்த வழியை உலகம் முழுவதும் பரப்பியது. 2022இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது கேட்கும் கருவியின் வேலை முழுவதையும் கைபேசி எடுத்துக்கொண்டிருந்தது.

பதியும் கருவியின் கதை வேறு. 1992இல் வந்த மினிடிஸ்க் நன்றாகவே பதிந்தது. ஆனால் பதிந்ததைக் கணினிக்குக் கோப்பாக மாற்ற 2004இல் ஹை-எம்டி வரும்வரை வழியில்லை. பதிவு ஓடும் நேரம் முழுவதும் கம்பி வழியே மறுபதிவு செய்துதான் எடுக்க வேண்டியிருந்தது. 2003இல் ஐரிவர் நிறுவனத்தின் 20 ஜிபி வட்டுக் கருவி கேட்பதையும் சுருக்கப்படாத பதிவையும் ஒன்றாகத் தந்தது. 2006இல் எடிரால் ஆர்-09, ஜூம் எச்4 ஆகியவை மெமரி கார்டில் நேரடியாக எழுதும் முறையில் வந்தபின், இன்றுள்ள சிறு பதிவுக் கருவிகளின் வடிவம் நிலைபெற்றுவிட்டது. ஜூம், டாஸ்காம், சோனி நிறுவனங்களின் இன்றைய கருவிகள் அந்த வடிவத்தின் வளர்ச்சிதான். கைபேசி இவற்றை விழுங்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு.

கைபேசியின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பேசுபவரின் குரல் மறுமுனையில் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காக, மாறாமல் தொடர்ந்து வரும் ஒலியை இரைச்சல் என்று கருதி அழுத்தும் கணக்கு அதன் மென்பொருளில் இருக்கிறது. மின்விசிறியின் ஒலிக்கு அது பொருந்தும். ஆனால் மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதே தம்புராவின் வேலை. ஆலாபனையின் இடைவெளிகளில் சுருதி கேட்பதும் மறைவதுமாக இருக்கும் கைபேசிப் பதிவுகள் பலவற்றில் நடப்பது இதுதான். அதோடு, சத்தம் குறைந்தால் தானாகத் தூக்கியும் கூடினால் தானாக அமுக்கியும் பதியும் ஏற்பாடு இருப்பதால், பாடகர் மெல்லத் தொட்டுவிட்டுப் போன சங்கதியும் ஓங்கிப் பிடித்த தார ஸ்தாயி ஷட்ஜமமும் ஏறக்குறைய ஒரே பலத்தில் பதிவாகும். பாட்டின் ஏற்ற இறக்கம் அப்படியே தட்டையாகிவிடும். சில செயலிகளில் இந்தத் திருத்தங்களை நிறுத்தி வைக்க முடியும். முடியும் இடத்தில் கைபேசியும் ஓரளவு உதவும்.

ஆகவே ஒரே கருவியில் இரண்டு வேலையும் வேண்டும் என்று நினைப்பவர்கள் பதிவுத் தரத்தை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாம் கேட்பது எப்போதும் ஒரு நகல். அது கெட்டுப்போனால் வேறொரு நகல் கிடைக்கும். நாம் பதிவது மூலம். எழுபது வயது ஆசிரியர் ஒரு மாலையில் பாடிக் காட்டிய தோடியின் நிரவலுக்கு வேறு பிரதி உலகில் எங்கும் இல்லை. சற்று நல்ல பதிவுக் கருவி எதிலும் பாட்டை நிறைவாகக் கேட்கலாம். கேட்பதற்கென்றே செய்யப்பட்ட கருவியில் பெயருக்கு ஒட்டவைத்த மைக்கில் நிறைவாகப் பதிய முடியாது.

கடையிலோ இணையத்திலோ விவரப் பட்டியலைப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது, கருவி எந்த வடிவத்தில் பதிகிறது என்பது. பேச்சுப் பதிவுக்கான மலிவான கருவிகளில் சில எம்பி3 வடிவில் மட்டுமே பதியும். எம்பி3, ஒரு பலத்த ஒலிக்குப் பின்னால் காது கவனிக்காது என்று கணக்கிடப்பட்ட மெல்லிய ஒலிகளைக் களைந்து கோப்பைச் சுருக்குகிறது. முடிந்துபோன பாட்டைக் கேட்க அது போதும். மூலப் பதிவே எம்பி3 ஆக இருந்தால், அதை வெட்டி, ஒலியளவைத் திருத்தி, மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் களையப்படும். எதையும் களையாமல் அப்படியே எழுதும் வேவ் வடிவத்தில் இந்தச் சிக்கல் இல்லை. ஃபிளாக் வடிவம் எதையும் இழக்காமல் கோப்பை ஓரளவு சுருக்கும். பதிந்த பிறகு சேமித்து வைக்க அது நல்லது.

எண்களைக் கொஞ்சம் பார்க்கலாம். குறுந்தகட்டின் தரம் நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியை அளந்து எண்ணாக எழுதும் தடவைகள்), மாதிரிக்கு 16 பிட். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி ஆகும். 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 மாதிரிகள்), 24 பிட் என்ற அளவில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்குச் சற்று அதிகம். 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் அதில் இரட்டிப்பு. 128 கிலோபிட் எம்பி3 ஆனால் 58 எம்பிதான். மனிதக் காது கேட்கும் உச்சம் 20 கிலோஹெர்ட்ஸ் என்பதாலும், மாதிரி எண்ணிக்கையில் பாதி வரையிலான அதிர்வெண்ணைப் பதிய முடியும் என்பதாலும், 48 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போவதால் இந்த வேலைக்குப் பெரிதாக ஆதாயம் இல்லை. 24 பிட் மட்டும் அவசியம் வேண்டும். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் இடம் தருவதால், 24 பிட்டில் பதிவு அளவைத் தாழ்வாக வைத்துப் பிறகு உயர்த்தினாலும் இரைச்சல் கூடவே எழும்பி வராது. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் பழைய ஒலிநாடாக்களை எண்முறைக்கு மாற்றக் குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றே பரிந்துரைக்கிறது. 32 ஜிபி கார்டில் இந்தத் தரத்தில் முப்பது மணி நேரம் பதியலாம் என்கிறபோது, இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தரத்தைக் குறைக்க வேண்டிய தேவை இன்று யாருக்கும் இல்லை.

பதிவு அளவை அமைப்பதில்தான் பெரும்பாலான பதிவுகள் கெடுகின்றன. எண்முறைப் பதிவில் உச்சம் 0 டெசிபல். அதற்கு மேல் வரும் ஒலியின் தலை வெட்டப்பட்டு, ஒலி உடைந்து கரகரவென்று கேட்கும். ஒருமுறை வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திரும்பப் பெற முடியாது. கச்சேரி தொடங்கும்போது வர்ணத்தின் பூர்வாங்கத்தைக் கேட்டு அளவை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுபவர்களுக்கு, மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் ஏமாற்றம் காத்திருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத் தோலில், விழும் ஒரு சாப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்கிவிடும்; கருவியின் திரையில் ஏறி இறங்கும் கோடு அதைச் சரியாகக் காட்டுவதற்குள் அது முடிந்திருக்கும். சுருதி சேர்க்கும் நேரத்திலேயே மிருதங்க வித்வானிடம் ஒரு மோராவை (முத்தாய்ப்பாக வரும் சிறு கோவை) முழு பலத்தில் வாசித்துக் காட்டச் சொல்லி, பாடுபவரையும் மேல் பஞ்சமம் வரை ஒருமுறை ஓங்கிப் பாடச் சொல்லி, அப்போது வரும் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வைப்பது பாதுகாப்பானது. திரையில் கோடு பாதி கூட ஏறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். 24 பிட் தரும் வசதியே அதுதான்.

அளவைத் தானாக மாற்றும் ஏற்பாடு எந்தப் பெயரில் இருந்தாலும் அதை அணைத்துவிட வேண்டும். உச்சத்தை மட்டும் அமுக்கும் லிமிட்டர் வேறு. அது எப்போதாவது எகிறும் ஒலிக்கு மட்டும் கை வைக்கும் என்பதால், இருந்தால் இயக்கி வைக்கலாம். அண்மைக் காலத்தில் 32 பிட் ஃபுளோட் என்ற முறையில் பதியும் சிறு கருவிகள் வந்திருக்கின்றன. 2024இல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல் அவற்றில் ஒன்று. இவற்றில் பதிவு அளவை அமைக்கவே வேண்டியதில்லை. உடைந்தது போலத் தெரியும் ஒலியையும் பிறகு கணினியில் இறக்கிக்கொள்ளலாம். தொழில்நுட்பம் அறியாத குடும்பத்தினர் கையில் கொடுத்துப் பதியச் சொல்ல இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் இந்த விரிந்த இடம் மைக்குக்குப் பின்னால்தான் இருக்கிறது. நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கும் இடத்தில் மிக அருகே வைத்தால் மைக்கே திணறிவிடும். அங்கே தள்ளி நிற்பது ஒன்றே வழி.

மைக்கைப் பற்றி விவரப் பட்டியல் சொல்வது குறைவு, கவனிக்க வேண்டியது அதிகம். ஜூம் எச்1 வரிசையில் இரண்டு மைக்குகளும் ஒன்றையொன்று குறுக்கே பார்க்கும்படி அமைந்து, முன்னால் வரும் ஒலியை அதிகமாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் எடுக்கும். டாஸ்காம் டிஆர்-05 வரிசையில் எல்லாத் திசையிலிருந்தும் எடுக்கும் மைக்குகள். பின்னது தாழ்ந்த ஒலிகளை இயல்பாகப் பிடிக்கும், காற்றுக்கும் அவ்வளவாகப் பதறாது. ஆனால் தெருவில் போகும் ஆட்டோவையும் பக்கத்து வீட்டுக் குக்கரையும் சேர்த்தே கொண்டுவரும். நம் ஊர் வீடுகளில், சன்னலைத் திறந்து வைத்தே வாழும் சூழலில், திசை பார்த்து எடுக்கும் மைக்கையே நான் பரிந்துரைப்பேன். மைக்கின் மெல்லிய மின்குறியைப் பெருக்கும் முன்பெருக்கியின் தரத்தை ஒரு சிறு சோதனையில் அறியலாம். அமைதியான இடத்தில் பதிவு அளவை உயர்த்தி வைத்து, யாரும் பேசாமல் அரை நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டால் கருவியின் சொந்த 'உஸ்' ஒலி எவ்வளவு என்று தெரிந்துவிடும். தம்புராவும் வீணையும் மெல்லிய ஒலிகள். அந்த உஸ்ஸுக்குக் கீழே அவை மூழ்கக் கூடாது.

வெளி மைக் இணைக்கும் துளை இருப்பது நல்லது. கைபேசிக்காக விற்கப்படும் சட்டை மைக்கைப் பதிவுக் கருவியில் செருகிவிட்டு ஒலியே வரவில்லை என்று திகைப்பவர்கள் பலர். செருகியின் உலோகத் தண்டில் மூன்று கருப்பு வளையம் இருந்தால் அது கைபேசிக்கானது. பதிவுக் கருவிக்கு இரண்டு வளையம் உள்ளது வேண்டும், அல்லது இடையில் ஒரு மாற்றி வேண்டும். பெரிய மைக்குகளுக்கான மூன்று முள் எக்ஸ்எல்ஆர் துளையும் 48 வோல்ட் மின்சாரமும் தரும் கருவிகள் விலையும் எடையும் கூடியவை. வீட்டுப் பதிவுக்கு அவை தேவையில்லை. சபாவின் ஒலிபெருக்கிப் பலகையிலிருந்து நேராகக் கம்பி இழுத்துப் பதிய நினைப்பவர்கள் மட்டும் அதைப் பார்க்கலாம்.

பட்டியலில் 'லோ கட்' என்ற ஒரு வசதி பெரும்பாலான கருவிகளில் இருக்கும். காற்றின் இரைச்சலையும் மேசை அதிர்வையும் குறைக்க, ஓர் எல்லைக்குக் கீழே உள்ள தாழ்ந்த அதிர்வெண்களை அது வெட்டிவிடும். பேச்சுக்கு அது நல்லது. இங்கே அதை யோசித்தே பயன்படுத்த வேண்டும். ஒரு கட்டையில் (கட்டை என்பது பாடுபவரின் ஆதார சுருதியைச் சொல்லும் அளவு) பாடும் ஆண்குரலுக்கு ஆதார ஷட்ஜமம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் மந்தரத் தந்தி அதில் பாதி, அதாவது 65 ஹெர்ட்ஸ் அளவில் அதிர்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான தொப்பியில் எழும் கும்காரமும் தாழ்ந்த பகுதியில்தான் இருக்கிறது. வடிகட்டியை 120 ஹெர்ட்ஸில் வைத்துப் பதிந்தால் தொப்பி வெறும் தட்டலாகவும் தம்புரா மெலிந்த ரீங்காரமாகவும் ஒலிக்கும். வெட்டுவதைப் பிறகு கணினியிலும் செய்துகொள்ளலாம் என்பதால் பதியும்போது அதை அணைத்து வைப்பதே மேல்.

இனி இடம். எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் தவறான இடத்தில் வைக்கப்பட்டால் மலிவான கருவியிடம் தோற்றுவிடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பாயில் உட்கார்ந்து பாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவியைப் பாடுபவரின் எதிரே மூன்று நான்கு அடி தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்குச் சற்று மேலே, சிறு முக்காலியில் வைத்து, மைக்கின் முனை பாடுபவரின் வாயைப் பார்க்கும்படி லேசாகக் கீழ்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். தரையில் வைத்தால் தாளம் போடும் தட்டு ஒவ்வொன்றும் பாயின் வழியே ஏறி வரும். முக்காலி இல்லாமல் ஸ்டூலில்தான் வைக்க வேண்டும் என்றால் கீழே நான்காக மடித்த துண்டு ஒன்றைப் போடலாம். வயலின் ஒரு பக்கமும் மிருதங்கம் மறுபக்கமும் இருந்தால், மிருதங்கத்தை மட்டும் ஓர் அடி பின்னால் தள்ளி உட்காரச் சொல்லலாம். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் எதிரொலி சேர்வதால் அந்த அளவுக்குக் குறையாது என்றாலும், ஓர் அடி நகர்த்துவதே குரலுக்கும் தோல்வாத்தியத்துக்கும் இடையிலான சமநிலையைக் காது உணரும் அளவுக்கு மாற்றிவிடும். இந்தச் சமநிலையை பிறகு கணினியில் அமைக்க முடியாது. இரண்டு தடத்தில் எல்லாம் கலந்தேதான் பதிவாகிறது.

பதிவு நேரத்தில் மின்விசிறியை நிறுத்த வேண்டும். சென்னை மே மாதத்தில் இது கடினமான கோரிக்கை என்றாலும், ஒரு உருப்படிக்கும் அடுத்ததற்கும் நடுவில் விசிறியைப் போட்டுக்கொள்ள யாரும் மறுப்பதில்லை. கைபேசிகளை விமான நிலைக்கு மாற்றிவிட வேண்டும். அருகே கிடக்கும் கைபேசி கோபுரத்தோடு பேசும்போது எழும் 'டப டப' என்ற மின் இடையூறு மைக் கம்பி வழியே பதிவில் ஏறிவிடும். திறந்தவெளியில், கோயில் பிராகாரத்தில் பதிபவர்கள், நுரைக்கு மேல் மயிர்த்துணியாலான காற்றுத் தடுப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். நுரை மட்டும் சன்னலோரக் காற்றுக்குத்தான் தாங்கும். பதிவு ஓடும்போது ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பது நல்லது. அதற்குக் கம்பியுள்ள ஹெட்போன் வேண்டும், ஏனெனில் புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதித்து வரும்.

மின்சாரமும் கார்டும் சலிப்பூட்டும் விஷயங்கள். ஆனாலும் பதிவு அடியோடு போவது பெரும்பாலும் இவற்றால்தான். பேட்டரியைக் கழற்றி மாற்றக்கூடிய கருவியை நான் விரும்புகிறேன். உள்ளேயே பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். ஏஏ அளவு பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட். எது போடப்பட்டிருக்கிறது என்று கருவியின் அமைப்பில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மீதமுள்ள சக்தியைக் கருவி தவறாகக் காட்டும். பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போதுதான் கோப்பின் தலைப்பகுதி முழுமையாக எழுதப்படுகிறது. அதற்கு முன் பேட்டரி தீர்ந்தாலோ கார்டை உருவினாலோ, இரண்டு மணி நேரப் பதிவு ஒரு வெற்றுக் கோப்பாகத் தெரியலாம். அப்படி நேர்ந்தால் அந்தக் கார்டில் வேறு எதையும் பதியாமல் எடுத்து வைக்க வேண்டும். உள்ளே தரவு இருக்கும், மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். நீண்ட பதிவைக் கருவி 2 ஜிபி அல்லது 4 ஜிபி அளவில் பல கோப்புகளாகப் பிரிக்கும். அவை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளியின்றிச் சேரும் என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. கார்டை நம்பகமான இடத்தில் வாங்கி, கணினியில் அல்லாமல் கருவியிலேயே ஃபார்மட் செய்ய வேண்டும். 64 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி மட்டுமே வைத்திருக்கும் போலிக் கார்டுகள் சந்தையில் உண்டு. முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதிந்ததைக் கேட்கும் பக்கத்துக்கு வருவோம். மாணவருக்கு மிகவும் பயன்படும் வசதி, ஒரு பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் குறித்துவிட்டு அதையே திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வது. சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் வசதி அடுத்தது. ஒரு பல்லவி வரியின் மூன்றாவது சங்கதியில் காந்தாரம் எந்த இடத்திலிருந்து அசைந்து எங்கே நிற்கிறது என்பதை முக்கால் வேகத்தில் கேட்டால் பிடிபடும். அதற்குக் கீழே போனால் கருவி ஒலியைத் துண்டுபோட்டு நீட்டுவதால் கமகம் படிப்படியாக உடைந்து கேட்கும். அதைப் பார்த்துப் பாடினால் தவறான அசைவே பழக்கமாகும். சுருதியை மட்டும் அரைக்கட்டை அரைக்கட்டையாக நகர்த்தும் வசதியும் சில கருவிகளில் உண்டு. ஐந்தரைக் கட்டையில் பாடும் ஆசிரியையிடம் கற்கும் ஆண் மாணவருக்கு அது உதவும் என்று தோன்றும்; ஆனால் அவ்வளவு தூரம் இறக்கினால் குரல் இயல்பிழந்துவிடும். ஒன்று இரண்டு கட்டை வரைக்கும்தான் அதை நம்பலாம்.

ஒலியளவில் நிதானம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். பேருந்து இரைச்சலை மீறிக் கேட்க ஒலியைக் கூட்டுபவர்களுக்கு, காதை நன்றாக அடைத்து உட்காரும் இயர்போன் பாதுகாப்பானது. வெளி இரைச்சல் குறைவதால் குறைந்த ஒலியிலேயே பாட்டு கேட்கும்.

பல வீடுகளில் பரணில் கிடக்கும் கேசட்டுகளுக்கும் இதே கருவி பயன்படும். வானொலியிலிருந்தும் கச்சேரிகளிலிருந்தும் அந்தக் காலத்தில் பதிந்தவை காந்தப் பூச்சு உதிர உதிர அழிந்துகொண்டிருக்கின்றன. கேசட் கருவியிலிருந்து வரும் கம்பியைப் பதிவுக் கருவியின் 'லைன் இன்' துளையில் செருக வேண்டும். மைக் துளை மில்லிவோல்ட் அளவுக்குச் செய்யப்பட்டது. அதில் செருகினால் ஒலி உடையும். இரண்டுக்கும் ஒரே துளை என்றால் அமைப்பில் 'லைன்' என்று மாற்ற வேண்டும். ஒலி மந்தமாக, துணி போர்த்தியது போலக் கேட்டால், கேசட் கருவியின் தலையும் நாடாவில் பதிந்த தடமும் ஒரே கோணத்தில் இல்லை என்று பொருள். தலையின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மிக மெல்லத் திருப்பினால் தம்புராவின் ஜீவாவும் (தந்தியின் கீழ் வைக்கும் நூலால் எழும் ரீங்காரம்) வயலினின் கூர்மையும் சட்டென்று திரும்பி வரும் ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு கேசட்டுக்கும் இந்த இடம் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கேட்டுத்தான் அமைக்க வேண்டும். வேகத்தையும் பார்க்க வேண்டும். 6 விழுக்காடு வேகமாக ஓடினால் ஒரு கட்டைச் சுருதி ஒன்றரைக் கட்டையாகிவிடும். பேட்டரி தளர்ந்த கருவியில் அன்று பதியப்பட்ட கேசட்டுகளில், கச்சேரி போகப் போகச் சுருதி மெல்ல ஏறிக்கொண்டே வருவதை இன்று கேட்கலாம். பதியும்போது நாடா மெதுவாக ஓடியதன் விளைவு அது. தம்புராவை ஒரு சுருதி அளக்கும் செயலியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்டால் கணினியில் திருத்திவிட முடியும்.

பாடுபவரின் அனுமதி இல்லாமல் பதியக் கூடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்ச்சி மீது 50 ஆண்டு உரிமை உண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கும், உண்மையான கற்பித்தல், ஆராய்ச்சிக்கும் பதிவதற்குச் சட்டம் விலக்குத் தருகிறது. அப்படிப் பதிந்ததை இணையத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. சட்டத்துக்கு முன்பே மரியாதை என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாள் குரல் ஒத்துழைக்காமல் போனது பத்தாயிரம் பேர் கேட்பதற்கு அல்ல என்று ஆசிரியர் நினைத்தால் அந்த முடிவு அவருடையது.

பதிவைத் தொடங்கியவுடன் தேதி, இடம், பாடுபவர், பக்கவாத்தியம், சுருதி ஆகியவற்றைக் கருவியின் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்ல பழக்கம். கோப்பின் பெயர் மாறினாலும் கருவியின் கடிகாரம் தவறாக இருந்தாலும் அந்தக் குரல் கோப்போடு இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே கோப்பைக் கணினிக்கு மாற்றி, ராகம், உருப்படி, தாளம் என்று பெயரிட்டு, தனி வட்டு ஒன்றிலும் வேறொரு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இன்னொரு நகலும் வைக்க வேண்டும். மெமரி கார்டையும் பென் டிரைவையும் நிரந்தரச் சேமிப்பாகக் கருதக் கூடாது. அவற்றில் தகவல் மின்னேற்றமாகத்தான் நிற்கிறது, மின்சாரம் காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அது கசிந்துவிடும். இரண்டு நகல்களும் ஒழுங்காகத் திறந்து ஒலிப்பதைச் சரிபார்த்த பிறகுதான் கார்டை அழித்து அடுத்த வகுப்புக்கு எடுத்துப் போக வேண்டும்.